அனுப்பி வைத்த வீடு



பேச்சுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது 'திருநெல்வேலியும் பம்பாயும்' என்று எழுதி அனுப்பினேன். அழைப்பிதழில் அதுவே அச்சாகியிருக்கிறது. குறிப்பெடுக்க உட்கார்ந்த பிறகு என் கவனம் பம்பாயைவிட்டு மெல்ல நகர்ந்து நம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் பட்ட பாடும் அடைந்த உயரமும் வாங்கிய அடியும் கதையாக வந்திருக்கின்றன, சினிமாவாக வந்திருக்கின்றன. அவர்களை அனுப்பி வைத்த வீடுகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. பம்பாயில் உழைத்த கைகளைச் சோறு போட்டு வளர்த்தவை நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம், ஆலங்குளம் பக்கத்து வீடுகள். அந்தக் கைகள் ஓய்ந்தபோது திரும்ப வாங்கிக்கொண்டவையும் அதே வீடுகள்தான். நகரம் அந்த வீடுகளுக்குப் பட்ட கடன் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அந்தக் கடனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அச்சிடும்போது தலைப்பை மாற்றிக்கொள்ள அமைப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள்.

முதலில், வழி எப்படித் திறந்தது என்று பார்ப்போம். தாமிரபரணி வாய்க்கால்கள் பாயும் நஞ்சை ஒரு திருநெல்வேலி. அந்த வாய்க்கால்கள் எட்டாத தெற்கும் கிழக்கும் இன்னொரு திருநெல்வேலி. நஞ்சையில் உழைத்தவர்களுக்கு நிலம் இல்லை. புஞ்சையில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு மழை இல்லை. தேரிக்காட்டு ஊர்களில் பனைதான் சொத்து. பதநீர் இறங்கும் மாதங்கள் போக மிச்ச மாதங்களுக்கு வெளியே எங்காவது போய்த்தான் வயிற்றைக் கழுவ வேண்டும். சென்னையிலிருந்து போன ரயில் பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் 1871இல் ராய்ச்சூரில் சந்தித்தன. 1876இல் தெற்கே தூத்துக்குடி வரைக்கும் ரயில் வந்தது. தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். பசியும் தண்டவாளமும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்பிருந்தே இலங்கைக்குப் போகிற வழி ஒன்று இருந்தது. தூத்துக்குடியில் கப்பலேறி, தேயிலைத் தோட்டத்துக்கோ கொழும்புக் கடைகளுக்கோ போனார்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டமும் 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமும் அந்த வழியைக் குறுக்கி, போனவர்களில் பெரும் பகுதியினரைத் திருப்பியும் அனுப்பின. பம்பாய் வழி அடைபடாமல் இருந்தது.

தாராவி அப்போது பம்பாய்த் தீவின் வடக்கு ஓரத்தில், மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சேற்று நிலம். கோலி மீனவர்களின் குடியிருப்பு. நகரம் தன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்களெல்லாம் அங்கே தள்ளப்பட்டன. 1887இல் முதல் தோல் பதனிடும் கூடம் வந்தது. தோல் வேலை தெரிந்தவர்கள் தெற்கே இருந்தார்கள். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில். திருநெல்வேலிச் சீமை முஸ்லிம்கள் முதலாளிகளாகவும் மேஸ்திரிகளாகவும் போனார்கள். ஆதிதிராவிடர்களும் பிறரும் தொழிலாளிகளாகப் போனார்கள்.

தாராவியின் வரலாற்றை எழுதுபவர்கள் மூன்று ஆண்டுகளைக் குறிப்பிடுவார்கள். பெரிய பள்ளிவாசல் 1887. பிள்ளையார் கோயில் 1913. முதல் தமிழ்ப் பள்ளிக்கூடம் 1924. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கும்பிடவும் தொழவும் ஓர் இடம் வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் படிக்க ஓர் இடம் வருகிறது. பள்ளிக்கூடம் வேண்டும் என்றால் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று பொருள். பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்றால் தாய்மாரும் வந்துவிட்டார்கள். அதுவரைக்கும் அந்தத் தாய்மார் எங்கே இருந்தார்கள்? இங்கே இருந்தார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பம்பாய் நகரத்தில் ஆண்கள் இருவருக்குப் பெண் ஒருவர் என்ற அளவை ஒட்டித்தான் இருந்தது. அத்தனை ஆண்களும் மனைவி இல்லாதவர்கள் அல்லர். மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள்.

திருநெல்வேலிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. பம்பாய்ப் பஞ்சாலைகளை ஓட்டியவர்களில் பெரும் பங்கினர் கொங்கணக் கரையின் ரத்னகிரிப் பக்கத்து ஆண்கள். அந்த மாவட்டத்தை மணியார்டர் மாவட்டம் என்றே மகாராஷ்டிரத்தில் சொல்வார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அங்கே ஆயிரம் ஆண்களுக்கு 1,100க்கு மேல் பெண்கள். நெல் வயலை நட்டு அறுத்தவர்கள் ஊரில் இருந்த மனைவிமார். நகரத்தில் ஒரே அறையில் நெருங்கிக் கிடந்த ஆலைத் தொழிலாளிகளுக்குச் சோறு போட்டவர்கள் 'கானாவள்' நடத்திய பெண்கள். மாதச் சம்பளம் வாங்கியதும் கணக்குத் தீர்ப்பார்கள். வேலைநிறுத்தம் வந்தால் கடன் ஏறும், அடுப்பு மட்டும் நிற்காது. அந்தப் பெண்களைத் திரட்டி பிரேமா புரவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளி வரலாற்றில் இடம்பெற்று நெடுங்காலம் கழித்துத்தான், அவனுக்குச் சோறாக்கியவளும் ஒரு தொழிலாளி என்பது பொதுவில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

தாராவியில் நம் பெண்கள் செய்ததும் அதேதான். கணவனோடு போய்ச் சேர்ந்த பெண் அந்த அறைக்குள் தன் குடும்பத்துக்கு மட்டும் சமைக்கவில்லை. ஊரிலிருந்து வந்த தம்பிமார், மைத்துனன்மார், பக்கத்துத் தெருப் பையன்கள் எல்லோருக்கும் சேர்த்து உலை வைத்தாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை வைத்துத்தான் அவள் தூங்குவதும் விழிப்பதும். விடியுமுன் எழுந்து இந்தப் பெண்கள் ஆட்டி, அவித்து அனுப்பும் இட்லி, சைக்கிள்களில் ஏறி மும்பையின் எத்தனையோ தெருக்களுக்குப் போகிறது. இன்றைக்கும் போகிறது. அந்த இட்லியைத் தெருவில் விற்பவர் ஆண். அதனால் அது அவருடைய தொழில் என்று எழுதப்படுகிறது.

மாட்டுங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாராவிக்கு அருகிலேயே இருந்தாலும் அது வேறு தமிழ் உலகம். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, ஓர் அலுவலகத்தில் ஏற்கெனவே வேலையில் இருந்த உறவினரின் கடிதத்தோடு போனவர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிப் பள்ளி தொடங்கினார்கள். அவர்களுடைய உழைப்பையும் கல்வி மேல் அவர்களுக்கு இருந்த பற்றையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்களை மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் பிரித்து அனுப்பியது சாதி. அதைச் சொல்லாமல் பம்பாய்த் தமிழர் என்று ஒரே பெயரால் அழைப்பது நேர்மை ஆகாது. தாராவிக்குள்ளேயும் ஊர் ஊராக, சாதி சாதியாகத்தான் சந்துகள் அமைந்தன. இருந்தும் ஒரு வேறுபாடு உண்டு. பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நின்று கூலி நெல் வாங்கியவருடைய மகன், பம்பாயில் வாரக் கூலியைப் பணமாக எண்ணி வாங்கினான். அந்தப் பணம் ஊருக்கு வந்தது. அதைக் கொண்டு ஓட்டுவீடு கட்டியபோது ஊரில் சிலருக்குக் கோபமும் வந்தது. அந்தக் கோபத்துக்கு முகம் கொடுத்ததும் வீட்டில் இருந்தவர்கள்தான்.

1966இல் சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியப் பெயர்களை மார்மிக் வார இதழ் பட்டியல் போட்டது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த நாட்களைப் பம்பாயில் இருந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். செய்தித்தாளில் 'பம்பாயில் கலவரம்' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த தபால் வரும் வரை நம் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பதினெட்டு வயதில் ஒருவன் ரயிலேறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவனுக்குப் பால் கொடுத்தது, காய்ச்சலில் கண்விழித்தது, பள்ளிக்கு அனுப்பியது, வேலை பழக்கியது எல்லாம் ஒரு வீட்டின் செலவு. உழைக்கத் தயாராக இருக்கும் உடம்பை நகரம் வாசலில் வாங்கிக்கொள்கிறது. ஐம்பதோ ஐம்பத்தைந்தோ ஆகி நெஞ்சில் சளி கட்டி, கண் மங்கி, இனி முடியாது என்றானபோது அவன் திரும்பி வருகிறான். அதன் பிறகு அவனைப் பார்த்துக்கொள்வதும் வீட்டின் செலவு. இடையில் உள்ள முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் அவன் அனுப்பிய பணம் மட்டும்தான் பொருளாதாரப் புத்தகங்களில் ஏறுகிறது. 'ஊருக்குப் பணம் வந்தது, ஊர் பிழைத்தது' என்று எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் உண்மையில் பாதிதான் அது. மனைவி மக்களோடு வாழப் போதுமான கூலியையும் வீட்டையும் நகரம் கொடுத்திருந்தால் அவன் அவர்களை அழைத்துக்கொண்டு போயிருப்பான். தனி ஆளுக்கு மட்டுமே போதுமான கூலியைக் கொடுத்து ஆலையும் தோல் கிடங்கும் லாபம் பார்த்தன. மிச்சக் கூலியை ஈடுகட்டியது ஊரில் இருந்த பெண்ணின் உழைப்பு.

எங்கள் பக்கத்து வீடுகளில் நான் பார்த்த அளவில், அந்த உழைப்பின் பெயர் பீடி. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் கடையில் கூலி வாங்கினார்கள். மாத நடுவில் வீட்டில் அரிசி வாங்கியது அந்தக் கூலியில். மணியார்டர் பணம் வந்ததும் கடனுக்கும், நாத்தனார் கல்யாணத்துக்கும், கூரை மாற்றவும் போய்விடும். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் 'பம்பாய்ப் பணத்தில் ஓடுகிற வீடு' என்பார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்லுவாள். தன் உழைப்பைத் தானே கணக்கில் சேர்க்காமல் இருக்க அவளைப் பழக்கியிருந்தோம்.

மணியார்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அந்தப் படிவத்தின் அடியில், பணம் பெறுபவர் வைத்துக்கொள்வதற்காக ஒரு துண்டு இருக்கும். அதில் சில வரி எழுத இடம் உண்டு. பணம் யார் பெயருக்கு வந்தது என்பதைக் கவனித்தால் ஒரு வீட்டின் அமைப்பே தெரிந்துவிடும். திருமணமான மகன் அனுப்பிய பணமும் அப்பா பெயருக்கே வரும். அப்பா இல்லையென்றால் அம்மா பெயருக்கு. மனைவி பெயருக்கு வருவது அபூர்வம். அப்படி வந்த வீட்டில் சண்டை வந்ததும் உண்டு. தபால்காரர் வாசலில் வந்து நிற்பார். மாமனார் கையெழுத்துப் போடுவார், அல்லது பெருவிரலை உருட்டுவார். அந்தத் துண்டில் இருக்கும் வரிகளைத் தபால்காரரே வாசித்துக் காட்டுவார். 'நலம். பணம் கிடைத்ததும் பதில் போடவும். சின்னவனைப் பள்ளிக்கு அனுப்பவும்.' கதவுக்குப் பின்னால் நின்று மனைவி கேட்டுக்கொள்வாள். அதில் அவளுக்கென்று ஒரு சொல்லும் இருக்காது. இருக்கவும் முடியாது, தெருவே கேட்கும்படி வாசிக்கப்படுகிற வரியில் எந்தக் கணவன் என்ன எழுதுவான்?

பதில் எழுதுகிற வேலை என்னைப் போன்ற பையன்களுக்கு வரும். கையெழுத்துக் கொஞ்சம் நன்றாக இருந்தால் போதும், தெருவில் பல வீட்டுக் கடிதங்கள் நம்மிடம் வந்துவிடும். நீல நிற இன்லேண்ட் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். மாமியார் சொல்லச் சொல்ல எழுதுவேன். மழை இல்லை, மாடு கன்று போட்டது, வட்டிக்காரர் வந்துவிட்டுப் போனார், இன்னாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தாள் மடிக்கிற இடம் வந்ததும் மாமியார் மருமகளைப் பார்த்து, "நீ ஏதாச்சும் சொல்லணுமாட்டீ?" என்பார். எங்கள் தெருவில் ஒரு மதினி இருந்தார். அந்தக் கேள்விக்கு அவர் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்: "அவுக ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லு. வேற என்ன, அத்தை எல்லாஞ் சொல்லியாச்சே." நானும் அதையே எழுதி ஒட்டிவிடுவேன். கல்யாணமாகிச் சில மாதங்களில் கணவனை ரயிலேற்றிவிட்ட பெண் அவர். அத்தனை ஆண்டுகளில் தன் கணவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட அவருக்கு வாய்க்கவில்லை. எழுத்து தெரியாது என்பது ஒரு காரணம். எழுத்துத் தெரிந்த வேறு மருமகள்களும் அதே தெருவில் இருந்தார்கள், அவர்களும் எழுதவில்லை. கணவனுக்கு மருமகள் தனியாக எழுதினால் அது வீட்டுக்குத் தெரியாமல் செய்த காரியம் ஆகிவிடும். தூரம் அவர்களைப் பிரித்தது ஒரு பங்கு. வீடு பிரித்து வைத்தது இன்னொரு பங்கு. அனுப்பி வைத்த வீட்டைப் பாராட்டிப் பேச வந்த நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வீடு பெண்ணின் தோளில் நின்றது, பெண்ணுக்கு வாய் கொடுக்கவில்லை.

நம் ஊர் தந்த பெரிய எழுத்தாளர் புதுமைப்பித்தன். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் பிழைப்புத் தேடிப் போனவர். மனைவி கமலா நெடுங்காலம் திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில் இருந்தார். அவருக்கு இவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்தன. கைக்குப் பணம் வராததும், வீடு பார்க்க முடியாததும், அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போவதும் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. சினிமா வேலையாகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். நகரம் நொறுக்கிய உடம்பை வாங்கிக்கொண்டது மனைவி இருந்த ஊர். கமலா விருத்தாசலமும் சிறுகதை எழுதியவர். தமிழில் நாம் போற்றிப் படிக்கும் அந்த நூலில் கிடைப்பதோ கணவர் எழுதிய கடிதங்கள். படிக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்துக் கடிதங்களுக்காக எனக்கு மனம் ஏங்கும்.

நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய்க்குப் போன தமிழ் இளைஞனைத் தமிழில் ஆழமாக எழுதியவர் நாஞ்சில்நாடன். 'மிதவை'யும் 'சதுரங்கக் குதிரை'யும் வேலை தேடிப் போனவனுடைய தனிமையை, அவனுடைய பசியை, கல்யாணம் தட்டிப்போய்க் கழிந்த வயதை உள்ளேயிருந்து காட்டியவை. அவற்றை நான் பெரிதும் மதிக்கிறேன். சினிமாவில் 1987இல் 'நாயகன்', 2018இல் 'காலா'. இரண்டிலும் தாராவித் தமிழன் எழுந்து நிற்கிறான். ஊரில் இருந்தவளை நடுவில் வைத்த ஒரு பெரிய படைப்பை, அந்த உயரத்தில் வைத்து எண்ணத்தக்கதாக, நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். போஜ்புரி பேசும் மக்களுக்கு அது உண்டு. பீகாரின் சாரண் மாவட்டத்தில் 1887இல் பிறந்த பிக்காரி டாக்கூர், நாவிதர் குடும்பத்தவர். தாமே பிழைப்புக்காகக் கரக்பூர் போய்த் திரும்பியவர். அவருடைய 'பிதேசியா' நாடகத்தில் கணவன் கல்கத்தாவுக்குப் போய்விடுகிறான். ஊரில் இருக்கும் மனைவி ஒரு வழிப்போக்கனிடம் சேதி சொல்லி அனுப்புகிறாள். நாடகத்தின் உயிர் அவள்தான். அந்த நாடகத்தின் பெயரே ஒரு முழு நாட்டுப்புற அரங்க வடிவத்துக்குப் பெயராகிவிட்டது. வீடு வீடாக ஆண்கள் புறப்பட்டுப் போன ஒரு மண்ணில் மேடை, விடப்பட்டவளுக்குக் கிடைத்தது. திருநெல்வேலியிலும் வீடு வீடாகத்தான் போனார்கள். நம் கணியான் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் எத்தனையோ பெண்களின் துயரம் இருக்கிறது. பம்பாய்க்காரன் மனைவிக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

2020 மார்ச் 25 அன்று கொரோனாவால் நாடு பூட்டப்பட்டது. நகரம் யாருடைய பொறுப்பையும் ஏற்காது என்பது அந்த வாரங்களில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வேலை நின்றது, கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. மே மாதத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து நம் மக்கள் வண்டி பிடித்து வந்து சேர்ந்தார்கள். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். அந்த நாட்களில் நம் மாவட்டத்தில் கண்டறியப்பட்ட தொற்றில் பெரும்பகுதி அப்படித் திரும்பியவர்களிடம் இருந்தது. மூன்று தலைமுறையாகத் தங்கள் உழைப்பை வாங்கிக்கொண்ட நகரத்தை அவர்கள் அன்று நம்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கோயில் கொடைக்கு மட்டும் பார்த்த வீட்டைத்தான் நம்பி வந்தார்கள். ஊரில் சிலர் அஞ்சினார்கள், ஒதுக்கிப் பேசினார்கள். வீடுகள் கதவைத் திறந்தன.

இப்போது தாராவியை இடித்துக் கட்டுகிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் காட்டுபவருக்கே அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. ஊரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, பலரோடு சேர்ந்து மாடி அறையில் காலம் தள்ளியவருடைய ரேஷன் கார்டு எங்கே இருந்திருக்கும்? ஊரில், மனைவியின் தகரப்பெட்டிக்குள். இரண்டு இடத்தையும் தாங்கிய குடும்பங்களுக்கு ஓரிடத்துக் காகிதம்தான் இருக்கும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பெண்கள் போவதையும் பேச வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிறந்த இடத்தையோ முன்பு வாழ்ந்த இடத்தையோ விட்டு வந்தவர்கள் இந்தியாவில் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். பெரும்பாலோர் சொன்ன காரணம் திருமணம். அதாவது ஊரையும் குடும்பத்தையும் விட்டுப் போவதில் இந்த நாட்டில் மிகப் பெரிய கூட்டம் மணப்பெண்கள். அதை நாம் இடப்பெயர்ச்சி என்று சொல்வதே இல்லை. கூலிக்காகப் போன பெண்களும் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து கொங்குப் பக்கத்து நூற்பாலைகளுக்கு, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்பிள்ளைகள் போனார்கள். மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை. அது கல்யாணச் செலவுக்கு. வெளியே போக அனுமதி இல்லாத விடுதிகள், இடையில் உடம்பு முடியாமல் திரும்பினால் கைக்கு வராத தொகை. அண்ணன் பம்பாய் போனபோது அவன் சுமந்தது தங்கையின் கல்யாணத்தை. தங்கை ஆலைக்குப் போனபோது அவள் சுமந்ததும் தன் கல்யாணத்தையே. இன்று பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் நம் மகள்களின் கையில் சம்பளமும் செல்போனும் இருக்கின்றன. அம்மாவிடம் தினமும் பேசுகிறார்கள், பணத்தை அம்மாவின் கணக்குக்கே அனுப்புகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். மாமனார் பெயருக்கு வந்த மணியார்டரிலிருந்து அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர இரண்டு தலைமுறை பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. இப்போது நாமே நகரமாகிவிட்டோம். திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் சென்னையின் கட்டடங்களிலும் நம் ஊர் ஓட்டல்களிலும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. அரசு மறுத்தது, பீகாரிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துப் போனது. அது பொய் என்பது நமக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பொய்யை நம்பி, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, 'உடனே கிளம்பி வா' என்று அழுத தாய்மாரும் மனைவிமாரும் பொய்யானவர்கள் அல்லர். 1966இல் நம் திண்ணைகளில் தபாலுக்காகக் காத்திருந்தவர்களின் இடத்தில் அன்று அவர்கள் இருந்தார்கள். பிக்காரி டாக்கூரின் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த இளைஞன் இன்று நம் ஊர்க் கடையில் பரோட்டா மாவு பிசைகிறான். அவனுக்குத் தனி ஆளுக்கான கூலியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவன் மனைவியின் முதுகில் ஏற்றுகிற அதே வேலையை இப்போது நாம் செய்கிறோம். வேலை கொடுப்பவர்கள் குடும்பத்தோடு தங்கத் தக்க இடத்தைக் கொடுக்க வேண்டும் என்றும், அவர்கள் குழந்தைகளை நம் அரசுப் பள்ளிகள் மனமுவந்து சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். 1924இல் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளி எழுந்தது என்று பெருமையோடு சொல்கிற உரிமை நமக்கு அப்போதுதான் வரும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். பம்பாய்க்குக் கணவனை அனுப்பிவிட்டு இருந்த பெண்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். உங்கள் வீடுகளில், உங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். மணியார்டர் யார் பெயருக்கு வந்தது? கடிதம் யார் எழுதிக் கொடுத்தார்கள்? பிள்ளை பிறந்த செய்தி எப்படிப் போனது, எத்தனை நாளில் பதில் வந்தது? பீடிக் கூலி யார் கையில் இருந்தது? மாமனாரோ மாமியாரோ இறந்தபோது கொள்ளி வைக்க மகன் வந்து சேர முடிந்ததா? கணவர் நிரந்தரமாகத் திரும்பி வந்த பிறகு வீடு எப்படி மாறியது, யாருக்கு நெருடியது? அப்போது சொல்லாமல் விட்டது எது? இப்படிச் சில கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மணியார்டர் துண்டுகளும் இன்லேண்ட் கடிதங்களும் கிடைத்தால் படியெடுத்துக்கொண்டு அசலை அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்கக் கூடாது. படிகளைப் பாதுகாத்து வைக்க நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தருவதாகக் கல்லூரி முதல்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு என் நன்றி. கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் கேள்வித் தாளை என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம்.